சித்திரையில் ஒரு சுவெற்றர்

கிளிநொச்சிச் சந்தையில் ஏப்ரல் மாதம் சுவெற்றர் தேடிப் போனால் என்ன நடக்கும் என்பது எனக்கு இப்போது தெரியும். முதல் கடைக்காரர் சிரித்தார். இரண்டாவது கடைக்காரர், "வீட்டில ஆருக்கும் காய்ச்சலோ?" என்று கேட்டார். மூன்றாவது கடைப் பொடியன் மட்டும் ஏணி வைத்து மேல் தட்டில் ஏறி, பிறந்த குழந்தைக்குப் போடுகிற கம்பளித் தொப்பி இரண்டை எடுத்துத் தூசி தட்டித் தந்தான். வெளியே, தாரில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில்.

கடைசியில் கைகொடுத்தது வெளிநாடுதான். வன்னியில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும், கனடாவிலிருந்தோ சுவிசிலிருந்தோ வந்துபோன யாரோ ஒருவர் பாரம் கூடிவிட்டது என்று விட்டுப்போன தடித்த ஜக்கெற் ஒன்று பூச்சி உருண்டை மணத்தோடு தொங்கும். அதை ஒருவரும் போட்டதில்லை, எறியவும் மனம் வந்ததில்லை. அக்கம்பக்கத்து நாலு வீட்டு அலுமாரிகளைக் கிளறியதில் ஏழு ஜக்கெற்றுகள் சேர்ந்தன. அதில் ஒன்று மஞ்சளும் கறுப்புமாய், பனியில் சறுக்கி விளையாடுகிறவர்கள் போடுவது. அதை அப்பாவின் தாய், எங்கள் அப்பாயி, தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார்.

2024 சித்திரை வருடப் பிறப்புக்கு மலையகத்து நுவரெலியாவில் சீசன் பார்க்கப் போவது என்று முடிவெடுத்தவர்கள் என் அத்தையின் மகன்கள் இரண்டு பேர். வெள்ளம் தின்றது போக மிஞ்சிய காலபோக நெல்லை விற்ற காசு கையில் இருந்தது. சிறுபோகம் தொடங்க இன்னும் நாள் இருந்தது. அவர்களுக்கு வேண்டியது மூன்று: இசை நிகழ்ச்சி, குளிர், மூன்றாவதை அம்மாவுக்கு முன்னால் சொல்லவில்லை. ஹயஸ் வான் பிடித்தோம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், மச்சான்மார் இருவர், நான், சாரதி. பத்துப் பேர் சேர்ந்த பிறகு, 78 வயது அப்பாயி வாசலில் வந்து நின்று, "நானும் வர்றேன்" என்றார்.

ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் தகப்பனின் தாயை 'அப்பம்மா' என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அப்பாயி. அந்த ஒரு சொல் போதும், நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கண்டுபிடிக்க. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் என்று கிளிநொச்சியைச் சுற்றி இருக்கும் குடியிருப்புகளில் பாதிக் கதை மலையகத்தில் தொடங்குவதுதான். எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் வந்த பட்டினிக்கும், 1977 ஆகஸ்டுக் கலவரத்துக்கும் தப்பி வந்து காட்டை வெட்டிக் குடியேறியவர்கள். அப்பாயி கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977இல் மூன்று பிள்ளைகளோடு லொறியில் வவுனியா வந்து, அங்கிருந்து கிளிநொச்சி. 'தோட்டக்காட்டார்' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லுவார்கள் என்பதால், வீட்டில் 'வாங்க' என்று சொல்கிற நாங்கள் வெளியே 'வாங்கோ' என்போம். நான் இரண்டையும் நன்றாகப் பேசுவேன். எந்த இடத்தில் எதைப் போடவேண்டும் என்பதில் இப்போதும் கொஞ்சம் தடுமாற்றம் உண்டு.

"அங்க போய் லயத்தப் பாக்கவா?" என்று, தோட்டத் தொழிலாளர் இருக்கிற வரிசை வீடுகளை நினைத்து அப்பா கேட்டார்.

"லயத்துல என்னா இருக்கு பாக்க? நான் பார்க்குக்குப் போகணும்" என்றார் அப்பாயி. எந்தப் பார்க் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இரவு பத்து மணிக்குப் புறப்பட்டோம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கினோம். அதைச் செய்யாமல் ஏ9 வீதியில் தெற்கே போகிற வண்டியை நான் கண்டதில்லை. மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. ஓமந்தையில் அப்பா வழக்கம் போல ஒருமுறை கண் விழித்துப் பார்த்துவிட்டுப் படுத்தார். சோதனைச் சாவடி இல்லாமல் போய் எத்தனையோ வருடம், அவருடைய உடம்புக்கு மட்டும் அந்த இடம் தெரிகிறது. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை, விடிய ஐந்து மணிக்குக் கண்டி. அதோடு ஏ9 முடிந்துவிடும். அப்புறம் கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று ஏற்றம்.

நாங்கள் சமதரை மனிதர்கள். வன்னியில் உயரமான இடம் என்று காட்டக் கேட்டால் குளக்கட்டைத்தான் காட்டுவோம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஏற்றினால் வயிறு என்ன செய்யும்? புசல்லாவையில் அண்ணியின் சின்ன மகள் தொடங்கினாள். றம்பொடையில் பெரிய மச்சான், இருபத்தாறு வயது, ஜிம்முக்குப் போகிறவன், வானை நிறுத்தச் சொல்லி அருவிக்கு எதிரே குந்திவிட்டான். லபுக்கலை தாண்டும்போது அம்மா கண்ணை மூடிக் கந்தசஷ்டி கவசம். அப்பாயி மட்டும் கண்ணாடியைத் திறந்துவிட்டு, காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு வந்தார். கொழுந்துக் கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வான் நின்ற இடைவெளியில், "என்னா புள்ள, இன்னிக்கும் பேர் போடுறாங்களா?" என்று கேட்டார். மறுநாள் வருடப் பிறப்பு. "இன்னிக்கு அரைப்பேருங்க அம்மாயி" என்று பதில் வந்தது. பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு. நாற்பத்தேழு வருடம் வெளியாரிடம் 'வாங்கோ, இருங்கோ' என்று பழகிய வாய், லபுக்கலை வளைவில் ஒரு நொடியில் மாறிவிட்டது. அதன் பிறகு கிளிநொச்சி திரும்பும் வரை அவர் வன்னிப் பாஷையில் ஒரு சொல்லும் பேசவில்லை.

சீசன் என்கிறார்களே, அது என்ன என்று போகும் முன் ஓரளவு வாசித்து வைத்திருந்தேன். ஏப்ரல் வந்தால் கொழும்பின் புழுக்கம் தாங்காமல் வெள்ளைக்கார உத்தியோகத்தரும் தோட்டத் துரைமாரும் மலைக்கு ஏறினார்கள். ஏறியவர்கள் சும்மா இருக்கவில்லை. குதிரையோட்டம், கோல்ஃப், பூக் கண்காட்சி, இரவில் நடனம் என்று ஒரு குட்டி இங்கிலாந்தைக் கட்டினார்கள். 1840களின் கடைசியில் வந்து தங்கிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்துக் காய்கறி போட்டுப் பார்த்தார். கிளிநொச்சிச் சந்தைக்கு லொறியில் வருகிற லீக்ஸுக்கும் கரட்டுக்கும் அங்கே ஒரு பழைய வேர் இருக்கிறது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் கட்டிய மாளிகைதான் பிறகு கிராண்ட் ஹோட்டல் ஆனது. 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டாயம் என்று கேள்விப்பட்டு, சின்ன மச்சான் தன் சறத்தைப் பார்த்துக்கொண்டான்.

துரைமார் போய்விட்டார்கள், சீசன் போகவில்லை. ஏப்ரல் 1ஆம் திகதி பள்ளிக்கூடப் பாண்ட் வாத்திய அணிகள் ஊர்வலம் போவதோடு தொடங்கும். மாதம் முழுக்க ஏதாவது ஒன்று. குதிரைப் பந்தயத்தில் ஆளுநர் கிண்ணம், மலையேற்றக் கார் பந்தயம், விக்டோரியா பூங்காவில் பூக் கண்காட்சி, ஏரிக்கரையில் பாட்டு. ஆனால் எல்லாம் ஒரே நாளில் நடக்காது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மூன்று நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று போகிறவர்களுக்கு நான் சொல்வது: எது வேண்டும் என்று முதலில் முடிவெடுங்கள், அது எந்தக் கிழமை என்று விசாரியுங்கள், பிறகு வானைப் பிடியுங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பூக் கண்காட்சி மாதக் கடைசியில் என்றார்கள். குதிரை என்று நாங்கள் பார்த்தது, ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றி நூறடி தூரம் கூட்டிப்போய் வருகிற மெலிந்த மட்டக் குதிரைகளை.

இடம் பிடித்த கதை இன்னும் மோசம். மார்ச்சில் தொலைபேசியில் இரண்டு அறை சொல்லி முற்பணமும் போட்டிருந்தோம். போய் நின்றால், "அப்படி ஒரு பேர் இல்லையே" என்றார்கள். முற்பணச் சீட்டைக் காட்டியதும் பேர் கிடைத்தது, அறை கிடைக்கவில்லை. கூடுதல் காசு கொடுத்த யாரோ உள்ளே இருந்தார்கள். அண்ணன் சத்தம் போட்டார், முற்பணம் திரும்பி வந்தது, அவ்வளவுதான். வேறிடங்களில் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 18,000, 22,000 என்றார்கள். அந்த ஏப்ரலில் ஒரு தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அப்பாயி விலையைக் கேட்டுவிட்டு விரலை மடக்கி ஏதோ எண்ணினார். "பதினெட்டுப் பேரு" என்றார். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். அன்றிலிருந்து அவர் எல்லா விலையையும் பேரில்தான் சொன்னார். ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி ஒரு பேர். படகு இரண்டு பேர்.

கடைசியில் ஹாவாஎலியப் பக்கம் ஒரு வீடு அகப்பட்டது. சீசன் மாதத்தில் அங்கே பல குடும்பங்கள் முன் அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டுத் தாங்கள் சமையலறையில் படுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரம்மா சிங்களத்தில் பேசுவார், அப்பாயி தமிழில் பேசுவார். இரண்டு பேரும் அடுப்படியில் ஒரு மணி நேரம் கதைத்தார்கள். அப்பாயிக்குச் சிங்களம் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

அன்று 12ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. பின்னேரம் டவுனுக்கு இறங்கினோம். வருடப் பிறப்புக்கு நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு. ஆகவே நுவரெலியாவில் அன்று நான் பார்த்த மிக நீளமான வரிசை, ஏரிக்கும் இல்லை, பூங்காவுக்கும் இல்லை. எங்கள் மச்சான்மாரும் 'ஃபோனுக்குக் கார்ட் போட்டுவிட்டு வருகிறோம்' என்று சொல்லிவிட்டு, கார்ட் போட ஒன்றே கால் மணி நேரம் எடுத்தார்கள்.

பாட்டு நிகழ்ச்சி ஏரிக்கரையில். மத்தியானம் இடியோடு பெய்த மழையில் புல்தரை சேறாகிவிட்டது. ஏப்ரலில் அங்கே பின்னேர மழை வழக்கம், பிளாஸ்ரிக் செருப்பு கொண்டுபோவது நல்லது. மேடையில் விளக்குகள் சிவப்பு, நீலம் என்று மாறி மாறிச் சுற்ற, மூட்டம் அதில் மாட்டிக்கொண்டு நிறம் நிறமாய் நகர்ந்தது. பைலா தொடங்கியதும் கூட்டம் முழுக்க ஆடியது. சாரியோடு அம்மாமார், தொப்பி போட்ட தாத்தாமார், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தகப்பன்மார். தமிழ்ப் பாட்டு இரண்டே இரண்டு போட்டார்கள். அந்த இரண்டுக்கும் எங்கள் மச்சான்மார் ஆடிய ஆட்டத்தில், றம்பொடையில் குந்தியிருந்தவன் இவன்தானா என்று யாருக்கும் சந்தேகம் வரும்.

எனக்குப் பாட்டை விட அந்த ஒலிபெருக்கிகள்தான் கண்ணில் நின்றன, ஆளுயரத்துக்கு மேலே அடுக்கியிருந்தார்கள். காரணம் இருக்கிறது. 1996இல் போரில் கிளிநொச்சியை விட்டு மல்லாவிக்கு ஓடியபோது எனக்குப் பத்து வயது. கரண்ட் கிடையாது, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய் தங்க விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்டால் அதுதான் வீட்டு விளக்கு. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் றேடியோவில் மாட்டிப் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். அண்ணன்தான் சுற்றுவார். கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடும். பாடகியின் குரல் கீழே இறங்கி ஆண் குரலாகி, பிறகு கிணற்றுக்குள் இருந்து வருவது போலாகி நின்றுவிடும். "சுத்துங்கோ, சுத்துங்கோ" என்று நாங்கள் கத்துவோம். கசெற் பாடல்கள் பலவற்றின் உண்மையான வேகம் எது என்பது எனக்கு இருபது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. சிலது இப்போதும் கொஞ்சம் அவசரமாகப் பாடுவது போலத்தான் கேட்கிறது.

இரவு வாழ்க்கை என்று எங்களுக்கு ஒன்றும் இல்லாமல் இருந்ததில்லை. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் இரவில் வந்து பாருங்கள். முல்லைத்தீவுக் கடலில் எடுத்த தண்ணீரில் விளக்கெரிகிற கோயில். முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் ஏற்றி வைத்து, பிறகு வற்றாப்பளைக்குக் கொண்டு போவார்கள். அந்த இரவில் வன்னியில் வீட்டில் படுத்திருப்பவர்கள் நோயாளிகள் மட்டும்தான். கச்சான் கடை, வளையல் கடை, தூக்குக் காவடி, எங்கோ ஒரு மூலையில் விடிய விடியக் கூத்து. ஆனால் அது அம்மனின் இரவு. நேர்த்தி இருந்தால்தான் போகலாம், போனால் யாருடைய மகள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நுவரெலியாவில் இரவு பதினொன்றரைக்கு நானும் அண்ணியும் சுட்ட சோளம் ஒன்றை இரண்டாக முறித்துத் தின்றுகொண்டு ஏரிப் பக்கத்து றோட்டில் நடந்தோம். ஒரு நேர்த்தியும் இல்லை. ஒருவரும் "ஆற்ற பிள்ளை?" என்று கேட்கவில்லை. போக்குவரத்து நெரிசலில் நின்ற வாகனங்களிலிருந்து நாலைந்து பாட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அண்ணிக்கு 38 வயது. "இந்த நேரத்தில நான் றோட்டில நடந்தது இடம்பெயர்ந்தபோதுதான்" என்றார். பிறகு, "உப்புக் கொஞ்சம் காணாது" என்றார், சோளத்தைப் பற்றி.

குளிரைச் சொல்லாமல் விட முடியாது. சினிமாவில் வருகிற அழகான குளிர் இல்லை. இரவில் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும், சீமெந்துத் தரை பனிக்கட்டி மாதிரி. கிளிநொச்சியிலிருந்து போன பத்துப் பேரும் ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு படுத்தோம். சாரதி வானிலேயே படுக்கிறேன் என்று வீரம் பேசிவிட்டு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினார். இதில் அம்மா வேறு, மறுநாள் மருத்துநீர் வைத்துத் தலை முழுகாமல் வருடம் பிறக்காது என்று, ஊர்க் கோயிலில் வாங்கிய மருத்துநீரைச் சோடாப் போத்தலில் அடைத்துக் கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை புண்ணிய காலத்தில், பல்லுக் கிட்டக் கிட்ட, ஒருவர் பின் ஒருவராகக் குளியலறைக்குள் போய் அலறிக்கொண்டு வெளியே வந்தோம். வீட்டுக்காரம்மா பாவம், ஒவ்வொரு அலறலுக்கும் ஒரு கேத்தில் சுடுதண்ணீர் வைத்தார்.

அதற்கு முன், அன்று காலையில் நடந்ததுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

அப்பாயி சொன்ன பார்க், விக்டோரியா பூங்கா. 1897இல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காகப் பெயர் வைத்தது, டவுனின் நடுவில், செங்கல் சிவப்பில் நிற்கும் பழைய தபால் கந்தோருக்குக் கிட்ட. ரிக்கற் எடுத்து உள்ளே போனோம். கண்காட்சி இல்லாவிட்டாலும் ஏப்ரலில் அங்கே பூ நிறையத்தான் இருக்கிறது. பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடினார்கள், மச்சான்மார் செல்ஃபிக்குப் போனார்கள். அப்பாயி உள்ளே எதையும் பார்க்கவில்லை. வேலிப் பக்கமாகவே நடந்தார். வீதிப் பக்கத்து வேலியை ஒட்டி, ஒரு கையால் ஜக்கெற்றைப் பிடித்துக்கொண்டு, கம்பிக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தபடி. ஏதோ தொலைத்துவிட்டாரோ என்று நான் பின்னாலே போனேன்.

"இங்கனதான் நின்னேன்" என்று வேலிக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

அவருடைய தகப்பன் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை. சீசன் வந்தால் பங்களாப் பூச்சாடிகளைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும். அப்பாயிக்குப் பத்து வயது இருக்கும்போது, அப்படியென்றால் 1956, அழுது அடம்பிடித்துச் சாடிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு வந்தாராம். மடியில் ஒரு சாடி, ஆடாமல் பிடிக்கச் சொல்லி. சாடிகள் உள்ளே போயின, தகப்பனும் சுமந்துகொண்டு உள்ளே போனார். பிள்ளை வெளியே. பாண்ட் வாத்தியம் கேட்டது. குடை பிடித்த வெள்ளைக்காரப் பெண்களின் தொப்பி மட்டும் செடிக்கு மேலே நகர்வது தெரிந்தது. தான் மடியில் வைத்துக் கொண்டுவந்த சாடியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேலி நெடுக நடந்தாராம். தெரியவில்லை. தகப்பன் வந்து, "பிரைஸ் கெடச்சிருச்சு, தொர பேருக்கு" என்றாராம்.

"என்ன பூ அப்பாயி?"

"பேரு யாருக்குத் தெரியும். வெள்ளக்காரப் பூவு. ஊதா."

இதை எழுபது வருடத்தில் அவர் எங்களுக்குச் சொன்னதே இல்லை. பட்டினிக் காலத்தில் ஒரு றாத்தல் மாவுக்குக் கியூவில் நின்ற கதை சொல்லியிருக்கிறார். 1977இல் லொறித் தட்டில் தார்ப்பாய்க்குக் கீழே படுத்து வந்த கதை நூறு தரம் சொல்லியிருக்கிறார். அந்தக் கதைகளுக்கு எங்கள் வீட்டில் ஓர் இடம் இருந்தது. ஊதாப் பூவுக்கு இடமில்லாமல் இருந்திருக்கும். அல்லது நாங்கள் கேட்கவில்லை.

ஒரு வாங்கில் உட்கார்ந்தார். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை எழும்பவில்லை. அண்ணன் வந்து, "வாங்க அப்பாயி, சீதையம்மன் கோயிலுக்குப் போவம்" என்றார். "நீங்க போய்ட்டு வாங்க. காசு குடுத்துத்தானே வந்துருக்கோம்" என்று பதில். நான் கூட இருந்தேன். பேச்சு ஒன்றும் அதிகம் இல்லை. பூங்காவுக்கு வெளியே சீசன் வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. தூரத்து மேடையில் யாரோ மைக்கைத் தட்டி, சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்: எக்க, தெக்க, துன. வேலிக்கு வெளியே பலூன் விற்கிற ஒரு பொடியன் கம்பிக்கு ஊடாக உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். அப்பாயி அவனைக் கண்டுவிட்டு, முறிகண்டிக் கச்சானில் மிச்சம் இருந்ததைக் கம்பிக்கு ஊடாக நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, பலூன் வேண்டுமா என்று கேட்டான். வாங்கவேண்டி வந்தது. கச்சான் கொடுத்துப் பலூன் வாங்கியதில் எங்களுக்கு இருநூறு ரூபா நட்டம்.

ஞாயிறு காலையில் ஏரி. கிரகரி ஏரி, ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், ஓடையை மறித்துக் கட்டியது. இயற்கையான ஏரி இல்லை, எங்கள் பாஷையில் குளம்தான். கட்டும் உண்டு. அப்பாயி கட்டில் நின்று அதைக் கொஞ்ச நேரம் நோட்டம் விட்டார். நாற்பது வருடம் இரணைமடுக் குளத்துத் தண்ணீருக்குக் காத்திருந்து பயிர் செய்தவர் அல்லவா.

"இந்தத் தண்ணியில எத்தன ஏக்கரு வெளையும்?"

ஒன்றும் விளையாது, படகு விடத்தான் என்றோம். நம்பவில்லை. 1913இல் இந்தத் தண்ணீரைச் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் மின்சாரம் எடுத்தார்கள் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். "அப்ப சரி" என்றார், தண்ணீருக்கு ஒரு வேலை இருந்த திருப்தியில்.

அன்னம் போல் செய்த பெடல் படகு ஒன்றில் நானும் அண்ணனும் முன்னால், அப்பாயியும் அண்ணியின் மகளும் பின்னால். கரையில் முந்திய இரவு மேடையில் யாரோ பாட்டை ஓட விட்டிருந்தார்கள். நடு ஏரிக்குப் போகப் போகப் பாட்டு மெலிந்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, பெடலை விட்டுவிட்டுச் சாய்ந்தார். படகு நின்றது, அதே நேரம் காற்றும் திரும்பியிருக்க வேண்டும், பாட்டும் நின்றது.

"சுத்துங்கோ, சுத்துங்கோ" என்றேன்.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர் படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பின்னால் இருந்த மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு ஏழு வயது, பாட்டு என்பது ஃபோனில் இருப்பது. திரும்ப மிதித்துக் கரைக்கு வரும்போது பைலா மறுபடியும் கேட்டது. அப்பாயி படகின் பக்கவாட்டில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டு வந்தார். "நம்ம தப்பு அடிக்கிற மாதிரியே அடிக்கிறான்" என்றார். மாசி மாதக் காமன்கூத்துக்கு அடிக்கிற அடி என்றார். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் அந்த விஷயத்தில் அவர் சொல்வதற்கு மேல் நான் சொல்ல முடியாது.

அன்று பின்னேரமே இறங்கத் தொடங்கினோம். மச்சான்மாருக்கு இன்னும் ஓர் இரவு வேண்டும், அப்பாவுக்கு ஆடு மாட்டின் கவலை. கந்தப்பளை போகிற சந்தியில் சாரதி வானை மெதுவாக்கி அப்பாவைப் பார்த்தார். அப்பா அப்பாயியைப் பார்த்தார். அப்பாயி நேரே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். வான் நேரே போனது.

கண்டியில் எல்லோரும் ஜக்கெற்றைக் கழற்றினோம். தம்புள்ளையில் கண்ணாடிகளைத் திறந்தோம். வவுனியா வந்தபோது நடு இரவு, வானுக்குள் புழுக்கம் தாங்கவில்லை. மஞ்சளும் கறுப்புமான பனி ஜக்கெற் மட்டும் கழுத்து வரை இழுத்துப் பூட்டியபடி மூலையில் இருந்தது.

"அப்பாயி, வேர்க்கேல்லையோ? கழட்டுங்கோ."

"இருக்கட்டும். உள்ள இன்னும் கொஞ்சம் குளிரு இருக்கு."

முறிகண்டியில் வழக்கம் போல இறங்கினோம். சூடான மணலில் வறுத்த கச்சான், கடதாசிப் பையில். அப்பாயி ஒரு பையை வாங்கி ஜக்கெற்றின் பக்கப் பையில் கொட்டினார். அந்தப் பைக்குள் ஏற்கெனவே ஏதோ இருந்தது. எடுத்துப் பார்த்தார்: காற்றுப் போன பலூனும், கனடாவில் 2012இல் யாரோ பஸ் ஏறிய ரிக்கற் ஒன்றும். ரிக்கற்றை என்னிடம் தந்துவிட்டு, பலூனைத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.